மேலே காற்று இருக்கும்

நாற்காலி வேண்டாம் ஐயா, நின்றுகொண்டே சொல்கிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியவன் நான். பயணிகள் உட்காருவார்கள், நான் நிற்பேன். அது உடம்பில் ஊறிப்போய்விட்டது. வீட்டிலும் கடைசி வாயை மெல்லும்போதே மேஜையை விட்டு எழுந்துவிடுவேன்.

"உக்கார்ற இடத்துல என்ன முள்ளா முளைச்சிருக்கு?" என்று கேட்பாள் நெரினா, என் மனைவி. கோபித்துக்கொண்டு அல்ல. சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

ஆகஸ்டு வந்தால் அலெஸாந்திரியாவில் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே கடலோரத்துப் போர்த்தெல்லாவுக்கு வந்துவிடுவோம். அவளுடைய சித்தி விட்டுப்போன இரண்டு அறைகள் இங்கே இருக்கின்றன. அவள் கடற்கரையில் குடைக்கடியில் உட்காருவாள். நான் நடப்பேன். கரையோரத்தில் எத்தனை ஊர் இருக்கிறதோ அத்தனைக்கும் மலைப்பாதையில் போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டு நாள் அவளும் கூட வருவாள், எனக்காக.

கூட நடப்பதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பை என் தோளில்தான். தண்ணீர், ரொட்டி, அவள் தொப்பி, எல்லாம் அதில். அவள் கைவீசி வரட்டும் என்றுதான் அப்படி. நான் முன்னால் போய் ஒரு வளைவில் நிற்பேன். அவள் மூச்சிரைக்க வந்து சேருவாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிடும், அடுத்த வளைவுக்குக் கிளம்பிவிடுவேன். "நீ இளைப்பாறிட்டு நிக்கிற, நான் வந்ததும் ஓடுற. நான் எப்பய்யா இளைப்பாறுறது?" என்று ஒருமுறை கேட்டாள். நியாயமான கேள்விதான். அடுத்த வளைவில் யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

பக்கத்து ஊரான செல்வாரோவில் காபிக்கடை வைத்திருக்கும் ஜெம்மாவை உங்களுக்குத் தெரியும். நான் கடைக்குள் நுழைந்தாலே, "என்ன ஒரெஸ்தே, பொண்டாட்டிய எங்க தொலைச்சே?" என்பாள். "பின்னால வர்றா" என்பேன். கடையே சிரிக்கும். கால்மணி கழித்து நெரினா வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த வசந்தத்தில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நெரினா அதற்குள் எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தாள். அலெஸாந்திரியா வீட்டைக் காலி செய்வது, போர்த்தெல்லாவோடு இருந்துவிடுவது. "ஓடினதெல்லாம் போதும். இனிமே ரெண்டு பேரும் இப்படியே உக்காந்து கடலப் பாத்துக்கிட்டு இருக்கலாம்" என்றாள். பால்கனியில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். நீல மெத்தை வைத்த பிரம்பு நாற்காலிகள், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல். அவள் ஒன்றில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டே மற்றதைத் தட்டிக் காட்டுவாள்.

நான் உட்கார்ந்து பார்த்தேன் ஐயா, மனதார முயன்றேன். ஒரு காபி ஆறுவதற்குள் தொடை துடிக்க ஆரம்பித்துவிடும். எதிரே கடல். நேற்றைய கடல்தான், நாளைக்கும் அதேதான். பக்கத்தில் பீன்ஸ் தோல் கிண்ணத்தில் விழும் சத்தம். இப்படியே சாகிறவரைக்கும் என்று நினைத்தபோது, உயிரோடு இருக்கும்போதே யாரோ என்மேல் மண்ணை அள்ளிப் போடுவதுபோல் இருந்தது. பயந்தேன். வெளியே சொல்லத்தான் முடியவில்லை. உன் பக்கத்தில் என்னால் உட்கார முடியாது என்று கட்டிய மனைவியிடம் எப்படிச் சொல்வது? மனசு புண்பட்டுவிடுமே. யார் மனசையும் புண்படுத்துகிற ஆள் இல்லை நான்.

அவளுக்கு நெஞ்சுவலி இருந்தது உண்மைதான். ஜூனில் டாக்டரிடம் கூட்டிப்போனதே நான்தான். படி ஏறக்கூடாது, வெயிலில் அலையக்கூடாது, வலி வந்தால் நாக்குக்கடியில் வைக்க இந்த மாத்திரை எப்போதும் கையோடு இருக்க வேண்டும் என்றார். நான் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். நெரினா மறதிக்காரி. அதனால் மாத்திரையை என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

நேற்று செல்வாரோவில் நெத்திலித் திருவிழா. "ரயில்ல போயிடலாம், ஒரு சுரங்கத்தத் தாண்டினா வந்துடுமே" என்றாள். திருவிழாக் கூட்டம், நிற்கவும் இடமிருக்காது, உள்ளே மூச்சு முட்டும் என்று சொன்னேன். "மலைமேல போனா காத்து இருக்கும்" என்றேன்.

அந்தச் சரிவில் ஒரு மரம்கூடக் கிடையாது. நடுப்பகலில் அங்கே காற்றும் இருக்காது. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அவள் நம்பினாள். வெங்காயம் வைத்த ரொட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு, வெள்ளைச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னாள். முதலில் சத்தமாக, பிறகு தலையை மட்டும் அசைத்து. நான் வழக்கம்போல வளைவுகளில் நின்றேன்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"இந்த ஒரு திருப்பம்தான்."

"போன திருப்பத்துலயும் இதையேதான் சொன்னே. டிக்கெட் இல்லாதவனக்கூட இப்படி விரட்டியிருக்க மாட்டே."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் கை மார்பில் இருந்தது. "மாத்திர ஓங்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டாள். "பையில பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய் இல்லை. பை இதோ உங்கள் மேஜைமேல் இருக்கிறது. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

உச்சியில் மாதா கோயில் வாசலில் நின்றேன். அவள் வரவில்லை. கீழேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டாள், முதலில் முழுப் பெயர், அப்புறம் பாதி. பிறகு பின்னாலிருந்து இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏறி வந்தார்கள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். அந்தப் பெண் உடைந்த இத்தாலிய மொழியில் பதறினாள். "கீழ ஒரு அம்மா படியில உக்காந்திருக்காங்க. ரொம்ப முடியல. மாத்திர புருஷன்கிட்ட இருக்காம். நீங்கதானா? நாங்களும் கூட வரோம்."

"நான்தாம்மா. வேண்டாம், ஆளுங்க கூடினா அவளுக்குப் பிடிக்காது. நான் போறேன், நீங்க நடங்க" என்றேன். பையைக் கழற்றி மாத்திரையைக் கையில் எடுத்தும் காட்டினேன். அவர்கள் என் நன்றியை வாங்கிக்கொண்டு செல்வாரோ பக்கம் இறங்கிப் போனார்கள்.

பிற்பாடு நானும் அதே பக்கம்தான் இறங்கினேன். ஜெம்மா எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டே, "என்ன ஒரெஸ்தே, திருவிழாவும் அதுவுமா பொண்டாட்டிய தொலைச்சிட்டியா?" என்றாள். வாய்ப் பழக்கத்தில், "பின்னால வர்றா" என்றேன். அந்த வெளிநாட்டுப் பெண் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், நான் கவனிக்கவில்லை. எழுந்து ஓடிவந்து, "அம்மாக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "சரியாயிடுச்சு, ரயில்ல வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. நல்ல பிள்ளை.

ஜெம்மா சிரிக்கவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள். "இப்பதான் பின்னால வர்றான்னே. மல உச்சியில ஏதுய்யா ரயிலு?" என்றாள். பிறகு அவள் கடை ஆட்களைக் கூப்பிட்டதும், அவர்கள் பாதையில் ஏறி ஓடியதும், அங்கே படியில் அவள் கிடந்ததைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்தவைதான். எதையும் மறுக்க நான் வரவில்லை. நான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

அந்தப் பிள்ளைகள் போனதற்கும் நான் இறங்கியதற்கும் நடுவில் என்ன செய்தாய் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். கோயில் வாசலில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்தேன். மாத்திரையைப் பையில் திரும்ப வைத்தேன். கீழேயிருந்து இன்னும் கொஞ்ச நேரம் சத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்புவீர்களோ என்னவோ, தொடை துடிக்கவில்லை. எழ வேண்டும் என்றே தோன்றவில்லை. முள்ளெல்லாம் எங்கே போயிற்றோ.

ஒருநாளாவது நான் அப்படி அசையாமல் உட்கார மாட்டேனா என்று எத்தனை வருஷமாக ஏங்கினாள். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால் நெரினா சந்தோஷப்பட்டிருப்பாள்.