பின்சீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

பியர்பொன்ட்ஸ் என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர், பக்கத்தில் இருந்த இளையவரிடம் திடீரென்று சொன்னார்:

"ரெண்டு ஸ்பீக்கர் பாடினா, ஒண்டு பாடுறதை விடச் சத்தம் குறையுது, தம்பி."

நான் போனை மடியில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எந்த ஸ்பீக்கர், அண்ணை?"

"என்ரை பழைய காரிலைதான். அதோடை வந்த ரேடியோவுக்கு முன்னுக்கு மட்டும்தான் ஸ்பீக்கர். பின்னுக்கும் ஒண்டு பூட்டினனான். தனித்தனியப் போட்டா நல்லாய்க் கேக்குது. சேர்த்துப் போட்டா அமுங்குது. எனக்கெண்டாத் தலை சுத்துது."

"ஒண்டுக்குப் பிளஸ், மைனஸ் வயரை மாறிக் கொழுவியிருப்பியள். அப்பிடியெண்டா ஒண்டின்ரை சத்தத்தை மற்றது அமத்தும். அதுசரி, பின்னுக்கு ஆர் பாட்டுக் கேக்கினம்?"

"என்ரை மனுசி."

"அக்கா ஏன் பின்னுக்கு?"

"அப்பா இருக்கேக்கை முன்சீட் அவருக்கு. அவர் காலமாகி நாலு வருசம். இவ இன்னும் பின் கதவைத் திறந்துதான் ஏறுறா."

"முன்னுக்கு வரச்சொல்லிக் கேட்டனீங்களோ?"

 

"கேக்கேல்லை" என்றார் பெரியவர். பிறகு, ஒன்றும் விளங்காதவராய், "அப்ப, ஸ்பீக்கரைக் கழட்டுறதோ?" என்று கேட்டார்.