எடுக்கச் சொன்ன பெயர்

— அந்த போனை எடுக்காதே அக்கா, அதுவும் அதே புகாராத்தான் இருக்கும். காலைல இன்டர்நெட்ல விட்டதுலேருந்து நாப்பது பேரு. நம்ம மெயில் புரோகிராமோட புதுப் பதிப்பு போட்டேன், பழைய மெயில் ஒண்ணும் திறக்கலங்கறாங்க.

— ஒண்ணுமேவா?

— ஒண்ணுமே. ஒரு அம்மா அழறாங்க. கப்பல்ல இருக்கற மகன் ரெண்டு வருஷமா எழுதினதெல்லாம் அதுக்குள்ளதானாம்.

— நேத்து என்னடா மாத்தின?

— ஒரே ஒரு வரி. நீ மாத்தச் சொன்ன வரி, சத்தியமா. திறந்ததும் உருவாக்கியவர்னு வருமே, அதுல அத்தான் பேரை எடுத்துட்டு நம்ம கம்பெனி பேரைப் போட்டேன்.

— சோதிச்சுப் பாத்தியா?

— புது மெஷின்ல பாத்தேன். பழைய மெயில் இருக்கற மெஷின்ல பாக்கல. ஒரு பேரை எடுத்தா என்ன குடி முழுகிடப் போகுதுன்னு இருந்துட்டேன்.

— சீடி?

— இருபதாயிரம். லாரில ஏத்தியாச்சு. பன்னண்டுக்குக் கிளம்புது.

— நிறுத்து.

— கேட்டைப் பூட்டச் சொல்லிட்டேன், சத்தியமா. இன்னொண்ணு கேளு. பழைய புரோகிராமைத் தோண்டிப் பாத்தேன். மெயிலையெல்லாம் பூட்டி வைக்குதுல்ல, அந்தப் பூட்டுக்குச் சாவியே அத்தான் பேருதான். பேரு போனா திறக்காது.

— எந்தப் பதிப்புலேருந்து?

— முதல் பதிப்புலேருந்து. துவைக்கற மெஷின் பக்கத்துல உக்காந்து நாம மூணு பேரும் மாத்தி மாத்தி எழுதினோமே, அதுலேருந்து. அப்பவே கண்ணி வச்சிருக்காரு மனுஷன்.

— பேரைத் திரும்பப் போட்டா?

— திறக்குது. ஆனா ஏன் போடணும்? பத்திரிகைக்காரர் அடுத்த லைன்ல காத்திருக்காரு. போட்டிக் கம்பெனிக்குப் போனவர் செஞ்ச சதின்னு ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் அத்தானை எவன் வேலைக்கு வச்சுப்பான்?

— பேரைப் போடு.

— உனக்கு ரோஷமே இல்லையா? நம்ம ஆளுங்க ஆறு பேரை இழுத்துட்டு, உன்னையும் விட்டுட்டுப் போனவருக்கா?

— வலிக்குதுதான். அதுக்காகப் பொய் சொல்ல முடியாது. நீ பேரைப் போடு, பத்திரிகைக்காரர்கிட்ட நான் பேசறேன்.

— என்னன்னு பேசுவ?

— அது கல்யாணமான புதுசுல நான் போட்டுட்டு மறந்தே போன பூட்டுன்னு. அவர் பேரை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு, அவருக்கே தெரியாம போட்டேன்.