கிடங்குக்கு வராத கேபிள்

இருந்தவர்கள்:

அக்கா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

தம்பி. கேபிள் கிடங்கின் காவலாளியாக இருந்தவன். அந்தக் கிடங்கின் கேபிளையே திருடினான் என்று சிறையில் வைத்திருக்கிறார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.

சிறைக் காவலர். இருவருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு.

உள்ளே வராதவர்: அக்காவின் கணவர். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்.

— அதுக்குத்தான் சொல்றேன், வாய மூடிக்கிட்டு முழுசா கேளு. முதல் கேள்விக்குப் பதில் வந்துடுச்சு. ரெண்டாவதுக்கும் வந்துடுச்சு.

— எதுக்குக்கா இதெல்லாம். விடு.

— என்னத்த விட? நாயா பேயா அலைஞ்சு வாங்கியிருக்கேன், விடுங்கற. இந்தா பாரு.

— அம்மா, வலையில கை வைக்காதீங்க. காகிதத்த இப்படிக் குடுங்க. நான் பாத்துட்டுத்தான் காட்டணும்.

— பாருங்க சார். நல்லா பாருங்க. நாலு பேரு பாக்கட்டும்னுதான் கேட்டு வாங்கினேன்.

— 'தேசிய அகன்ற அலைவரிசைத் திட்டம். மலைச்சாலைப் பகுதி. செலவு விவரம்.' என்னம்மா இது, அரசாங்கம் என்ன செலவு பண்ணுச்சுன்னு நாம கேட்டா குடுப்பாங்களா?

— தகவல் உரிமைச் சட்டப்படி குடுக்கணும். லேசுல குடுக்க மாட்டாங்க. முதல் தடவ, எங்க மலைக்கு இன்டர்நெட் போட எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன். நாட்டுக்கே எவ்வளவு ஆச்சுன்னு ஒத்த வரியில எழுதி அனுப்பிட்டான். சைபர எண்ணி முடிக்கறதுக்குள்ள கண்ணு வலிச்சுது. எனக்கு நாடு எதுக்கு சார்? அந்த ஒரு ரோடு போதும். அடுத்த தடவ ரோட்டக் கேட்டேன், வணிக ரகசியம்னான். மேல்முறையீட்டுக்குப் போனா, அங்க இருந்த அதிகாரி கேக்கறாரு, 'துணி துவைக்கற உனக்குக் கேபிள் கணக்கு எதுக்கும்மா'ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'அந்தக் கேபிளத் திருடினவனோட அக்கா சார் நானு. என் தம்பி எவ்வளவு பெறுமானத்தத் திருடினான்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா'ன்னேன்.

— அக்கா! அப்படியா சொன்ன?

— சொன்னேன். பக்கத்துல டைப் அடிச்ச பொண்ணு சிரிச்சிடுச்சு. அந்த ஆளு மட்டும் சிரிக்கல. 'இப்படி மொட்டையா கேட்டா எதுவும் கிடைக்காது, எது வேணும்னு குறிப்பா கேளு'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. மூணாம் தடவ குறிப்பா கேட்டேன். வந்துடுச்சு.

— காகிதம் சரியாத்தான் இருக்கு, காட்டுங்க. டேய் வாட்ச்மேன், கிட்ட வா.

— இங்கேருந்து எழுத்து தெரியல சார். அவளே படிக்கட்டும்.

— கேளு. முதல் கேள்வி: மலைச்சாலைக்கு எத்தன டிரம் கேபிள் வாங்குனீங்க, பணம் குடுத்தாச்சா? பதில்: பன்னெண்டு டிரம், முழுத்தொகையும் குடுத்தாச்சு. ரெண்டாவது கேள்வி: அந்தப் பன்னெண்டும் தலைமைக் குடோன்லேர்ந்து என்னிக்கு, எந்த லாரியில எங்க ஊர்க் கிடங்குக்கு வந்துச்சு? பதில்: 'அவ்வாறு அனுப்பியதற்கான பதிவு எதுவும் இல்லை.' புரியுதாடா? பணம் போயிருக்கு. கேபிள் வரல. வராத கேபிள நீ எப்படிடா திருடுவ?

— ம்.

— என்னடா ம்? பஸ்ல வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், நீ குதிப்பன்னு.

— சந்தோஷந்தான்க்கா.

— இதான் சந்தோஷப்படற மூஞ்சியா? மழையில நனஞ்ச கோழி மாதிரி நிக்கற.

— நீங்க பேசறத நான் காதுல வாங்கல. இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன். ஒரு டிரம்முன்னா எவ்வளவு பெருசுடா?

— கேபிள் சுத்தின உருளை சார், நிமித்தி வெச்சா நெஞ்சு உயரம் இருக்கும். கிரேன் இல்லாம அசையாது.

— அதுல பன்னெண்ட நீ ஒத்த ஆளா அடிச்சியா? இங்க ஒரு பக்கெட் தண்ணியத் தூக்கிட்டு வர நடுவுல ரெண்டு தடவ இறக்கி வெக்கற ஆளு நீ.

— முழுசாத் தூக்கல சார். துண்டு துண்டா வெட்டி, பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டேன். செம்புக்கு நல்ல வெல.

— பொய்யி. சார், அதுக்குள்ள செம்பே கிடையாது. கண்ணாடி இழை. தலமுடி மாதிரி இருக்கும். எடைக்குப் போட்டா ஒரு டீக்குக் கூடத் தேறாது. கேபிள்னா செம்புதான்னு ஜட்ஜும் நெனச்சாரு, போலீசும் நெனச்சுது, இவன் சொன்னத அப்படியே எழுதிக்கிட்டாங்க.

— அடப்பாவி, நானுமே செம்புன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— அக்கா, கீழ மடிச்சு வெச்சிருக்கியே, அது என்ன?

— அது மூணாவது கேள்வி. அதுக்குத்தான் இன்னும் பதில் வரல. 'பன்னிரண்டு டிரம்மும் கிடங்குக்கு வந்து சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டவர் யார்?' ஃபைலத் தேடறாங்களாம். திங்கக்கிழம அந்த மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட விசாரணை. அன்னிக்குப் பேரச் சொல்லியே ஆகணும்.

— அத வாபஸ் வாங்கிடு.

— என்னது?

— மூணாவத மட்டும். வந்த ரெண்டு பதிலே போதும்.

— போதாதுடா. வக்கீலக் கேட்டுட்டேன். இந்த ரெண்ட மட்டும் நீட்டினா, 'ஃபேக்டரியிலேர்ந்து நேரா வந்துச்சு, வந்ததுக்குக் கையெழுத்து இருக்கு பாருங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்களாம். கையெழுத்துப் போட்ட ஆளே வந்து, 'சரக்கப் பாக்காமத்தான் போட்டேன்'னு சொல்லணும். அப்பத்தான் நீ வெளிய வருவ.

— அப்ப நான் உள்ளயே இருந்துட்டுப் போறேன். இன்னும் ரெண்டு வருஷந்தானே.

— தானேவா? உன் இருமலப் பாத்தா ரெண்டு மாசம் தாங்கற மாதிரி தெரியல.

— ராத்திரியில இவன் இருமறதுல பக்கத்து பிளாக்கே தூங்கறதில்லம்மா. ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கு. அது எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

— சார், நீங்க வேற. அக்கா, இதெல்லாம் யாரு உனக்கு எழுதிக் குடுத்தது? டிரம்மு, குடோனு, லாரி, சேர்ந்ததுக்குக் கையெழுத்து. உனக்கு இதெல்லாம் தெரியாதே.

— தெரிஞ்சவங்க.

— எந்தத் தெரிஞ்சவங்க?

— சட்ட உதவின்னு இலவசமா செய்யறாங்க இல்ல, அங்க ஒருத்தர். பேச்ச மாத்தாத.

— மச்சான் எங்க?

— வெளிய நிக்கறாரு. எப்பவும் போல.

— அவருக்கு இந்த மூணாவது கேள்வி தெரியுமா?

— ஏன்?

— தெரியுமா தெரியாதா, அதச் சொல்லு.

— நீ ஏண்டா இப்படி வேர்க்கற?

— சார், ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போறீங்களா?

— ஸ்டூல விட்டு எழுந்தா என் வேல போயிடும். எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்க. பேசு.

— அக்கா. அந்தக் கையெழுத்து மச்சானோடது.

— அவரோடதா?

— ஆமாக்கா. கிடங்கு கிளார்க் அவருதானே, வேற யாரு போடுவா. அது கணக்கு வருஷக் கடைசி. மாசம் முடிஞ்சா ஒதுக்கின பணம் திரும்பிப் போயிடும். அதனால சரக்கு வர்றதுக்கு முன்னாடியே 'வந்தது'ன்னு கையெழுத்துப் போட்டு பில்ல அனுப்பிடுவாங்க. எல்லா வருஷமும் அப்படித்தான். எல்லா வருஷமும் சரக்கு பின்னாடியே வந்து சேந்துடும். அந்த வருஷம் வரல.

— காசு வாங்கினாரா?

— ஒத்தப் பைசா வாங்கல. வாங்கியிருந்தாலாச்சும் கெட்டதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். பழக்கத்துல போட்ட கையெழுத்துக்கா அது.

— அப்புறம்?

— கிடங்கச் சோதிக்க ஆளுங்க வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. கேபிள் அனுப்ப வேண்டிய கம்பெனிக்காரன் அவரக் கூப்பிட்டுச் சொல்லிட்டான், திருட்டுப் போச்சுன்னு எழுதிட்டா எல்லாம் நேராயிடும்னு. திருட்டுன்னா திருடன் ஒருத்தன் வேணும்ல.

— அவரு உன்னக் கேட்டாரா?

— கேக்கல.

— அவருக்காகப் பொய் சொல்லாத.

— சத்தியமா கேக்கலக்கா. கேக்காம பாத்தாரு. கிடங்கு வாசப்படியில உக்காந்துக்கிட்டு, சாயங்காலம் பூரா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இந்த வேலையே அவரு வாங்கிக் குடுத்தது. உங்க பாப்பா அப்பத்தான் பேச ஆரம்பிச்சிருந்தா. எனக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா. நானே சொல்லிட்டேன்.

— பெரிய தியாகி.

— தியாகமெல்லாம் ஒண்ணுமில்ல. அவரு உள்ள போனா அவரு, நீ, பாப்பான்னு மூணு பேரு நடுத்தெருவுல. நான் போனா ஒருத்தன். அவ்வளவுதான் யோசிச்சேன்.

— ஏண்டா, நான் சலவைக்கூடத்துக்கு விளையாடவா போறேன்? அந்த மூணு பேருல என்னையும் சேத்துக்கிட்டியே, என்ன ஒரு வார்த்த கேட்டியா?

— கேட்டிருந்தா நீ விட்டிருக்க மாட்ட.

— விட்டிருக்க மாட்டேன். அதான் ஆளுக்கு ஆள் என்னக் கேக்காமலே எல்லாத்தையும் முடிச்சிட்டீங்க.

— நேரம் முடிஞ்சுதும்மா. பரவால்ல, கடைசியா ஒரு வார்த்த பேசிக்கங்க.

— அக்கா, வாபஸ் வாங்கறேன்னு சொல்லு.

— போய் மருந்தக் கேட்டு வாங்கு. வெறும் தண்ணியக் குடிச்சிட்டுப் படுக்காத.

— பாப்பா மேல சத்தியம் பண்ணு.

— அவள எதுக்குடா இதுல இழுக்கற? சரி.

— என்ன சரி?

— வாங்கிடறேன்.

— என்னப் பாத்துச் சொல்லு.

— வாங்கிடறேண்டா. போதுமா?

— மச்சான்கிட்ட எதையும் கேட்டுடாத. உனக்குத் தெரியும்னே காட்டிக்காத. அந்த மனுஷன் தாங்க மாட்டாரு.

— நீ தாங்கிக்கிட்டு இருக்கியே, போ. நின்னு நின்னு இருமாத, போடா.

— நட வாட்ச்மேன். தல குனிஞ்சு போ, நெலவாசல் இடிக்கும். ம், பூட்டியாச்சு. நீங்களும் கிளம்புங்கம்மா.

— இங்க பேசறது அவனுக்குக் கேக்குமா சார்?

— ரெண்டு கதவு தாண்டிப் போயிட்டான். கேக்காது. நீங்க உடஞ்சு போயிடுவீங்கன்னு நெனச்சேன். கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல.

— அதெல்லாம் போன மாசமே முடிஞ்சுது.

— போன மாசமா? இப்பத்தானே அவன் சொன்னான். சரி, எனக்கெதுக்கு. நெசமாவே வாபஸ் வாங்கப் போறீங்களா?

— இல்ல.

— அப்ப அவன்கிட்ட வாங்கறேன்னீங்களே?

— வாங்க மாட்டேன்னு சொன்னா, இன்னிக்கே ஜட்ஜுக்குக் கடுதாசி எழுதுவான், 'பன்னெண்டு டிரம்மையும் என் கண்ணால பாத்தேன், நான்தான் எடுத்தேன்'னு. திங்கக்கிழம வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்.

— இந்த வேலைக்கு வந்து எத்தனையோ பேரப் பாத்துட்டேன். கூடப் பொறந்தவனுக்காகக் கட்டினவனக் காட்டிக் குடுக்கற பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன். அதோ நீலச் சட்ட போட்டுக்கிட்டு நிக்கறாரே, அவருதானே? பாவம்மா. தலைக்கு மேல என்ன வருதுன்னு தெரியாம பஸ்ஸ வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கறாரு.

— தெரியாமலா? என்கிட்ட வாயத் தொறந்து சொல்ல அவருக்குத் தைரியம் வரல சார். போலீஸ்கிட்டயும் வரல. ரெண்டு தடவ திரும்பி வந்த என் மனுவ எடுத்து வெச்சுக்கிட்டு, போன மாசம் ஒரு நாள், 'இப்படிக் கேட்டா குடுக்க மாட்டாங்க, நான் எழுதித் தர்றேன்'னு சமையக்கட்டுல உக்காந்தாரு. முதல் கேள்விய மடமடன்னு எழுதினாரு, ரெண்டாவதையும் எழுதினாரு. மூணாவதுக்கு முன்னாடி பேனாவ மூடி வெச்சாரு, திரும்பத் தொறந்து எழுதினாரு. நான் ஏன்னு கேக்கல, அவரும் சொல்லல. எழுதி முடிச்சு, அவரே போய்த் தபால்ல போட்டுட்டு வந்தாரு. கதவ நான் சாத்திக்கறேன், நீங்க பூட்டிக்குங்க.