போட்டோவுக்குக் கண் திறக்காத பிள்ளை

ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில வாரங்களில், பா என்னும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் தம்பதி. அவள் மடியில் பச்சைக் குழந்தை.

"இவன் கண்ணைத் திறந்தாத்தான் நாம நாட்டை விட்டுப் போக முடியும்," என்றான் கணவன்.

"ராவெல்லாம் முழிச்சுக் கத்துறான், ஸ்டுடியோவுல தூங்குறான். நான் என்ன பண்ண?"

"பாஸ்போர்ட்டுக்குக் கண்ணு திறந்த போட்டோதான் வேணுமாம்."

"எனக்கு உக்காரவே முடியல. உடம்பு தேறினதும் போனா என்ன?"

"நம்ம ஜனங்க வீடுன்னு பக்கத்து வீட்டு ஜன்னலை உடைச்சாங்களே, மறந்துட்டியா?"



சோதனைக்காக பஸ் நின்றது. ஏறிய சிப்பாய் குனிந்து, சிரித்தபடி குழந்தையின் கன்னத்தைத் தொட்டான். அவன் தோளில் தொங்கிய துப்பாக்கி குழந்தையின் தலைக்கு மேல் ஆடியது.

அவன் இறங்கியதும் அவள் சொன்னாள்: "நேரா ஸ்டுடியோவுக்கே போயிடலாங்க. தூங்கினா நானே கிள்ளி எழுப்புறேன்."