எறும்பு தின்ற கிழக்குக் கோடு

எட்டடிப் பலகையை நான்கு முக்காலிகள்மேல் போட்டு, அதையே மேசையாக்கி வீற்றிருக்கும் கூட்டத் தலைவர் சண்முகவடிவு அக்கா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி முத்தம்மா அத்தை அவர்களே! நாற்காலி போதாமல் சேலைக் கட்டுகளின்மேல் இடம்பிடித்திருக்கும் சனிக்கிழமைத் தச்சர் கழகத்து உறுப்பினர்களே! கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருக்கும் துரைராஜ் அண்ணன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் கழகத்தின் செயலாளர், ஒன்பதாம் வகுப்பு நிலாவின் வணக்கம்.

நான் செயலாளரானது என் திறமையால் அல்ல, என் கையெழுத்தால். எனக்கு அந்தப் பதவியைக் கொடுத்த நம் கழகத் தலைவர், மறைந்த புகழேந்தி ஐயாவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நேற்று அவர் மனைவி முத்தம்மா அத்தை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: "அழுவுற மாரி எழுதாத கண்ணு. அவருக்கு அழுவாச்சி ஆவாது." ஆகவே முயற்சி செய்கிறேன்.

யார் இந்தப் புகழேந்தி ஐயா? முப்பத்துநான்கு ஆண்டுகள் தேனாம்பேட்டை முதல் அடையாறு வரை லிஃப்ட் பழுதுபார்த்தவர். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு எத்தனை பேர் அவர் குரலுக்காகக் காத்திருந்திருப்பார்கள்! ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருந்தாரா? இல்லை. மரவேலையில் இறங்கினார். தன்னைப்போலவே பொழுதுபோக்காக மரம் அறுக்கும் ஒன்பது பேரைச் சேர்த்தார். சென்ற ஆயுத பூஜையன்று நாம் அவருக்கு ‘மரத்தூள் மாமணி’ என்ற பட்டத்தை ஒருமனதாக வழங்கினோம். எதிர்த்தவர் அவர் ஒருவர்தான். அதைக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை.

அந்த மாமணிக்கு ஒரு கனவு இருந்தது. உங்களுக்குத் தெரியாததா? இதோ என் பின்னால் போர்வை போர்த்தி நிற்கிறதே, அதுதான். சி.என்.சி. ரூட்டர். கணினியில் வரைந்து கொடுத்தால், முழு எட்டடிக்கு நாலடிப் பலகையைத் தானே குடைந்து வெட்டித் தரும் இயந்திரம். இவ்வளவு பெரியதை எங்கே வைப்பது? மயிலாப்பூர் ஃப்ளாட்டில் வைத்தால் கட்டிலை வெளியே போட வேண்டும். அப்போதுதான் சண்முகவடிவு அக்கா, மாம்பலத்தில் தங்கள் ஜவுளிக்கடைக்குச் சொந்தமான இந்தக் கிடங்கில் பாதியை நமக்குத் தந்தார்கள்.

மற்றவர்களாக இருந்தால் இயந்திரத்தை முதலில் வாங்கியிருப்பார்கள். நம் தலைவர் ஏழு மாதம் திட்டமிட்டார். நான் ஓர் அளவுத்தாளில் அழகாக வரைபடம் போட்டுக் கொண்டுபோனேன். பார்த்தார். பாராட்டினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "காயிதத்துல எவனுக்கும் முட்டி இடிக்காதும்மா. தரையில போடு. இடிக்கும்."

அப்படித்தான் தொடங்கியது நம் சனிக்கிழமைக் கூத்து! பட்டறை முழுவதையும் உண்மை அளவில், கோலம்போலத் தரையில் வரைந்தோம். மாவு சண்முகவடிவு அக்கா கொடுத்தது. கடையில் விற்கும் கோலப்பொடி போதும் என்றார் தலைவர். அக்கா கேட்கவில்லை. புது வேலை தொடங்கும் இடத்தில் பச்சரிசி மாவில்தான் கோடு போட வேண்டும், எறும்புக்கும் வயிறு உண்டு என்றார்கள். இது பின்னால் முக்கியமாகும்.

கோட்டுக்குள் நாமே சாமான்களாக நின்றோம். துரைராஜ் அண்ணன் மூலையில் ‘உஸ்’ என்று நின்ற தூசி உறிஞ்சி. நான் கணினி, தூசி படாத அறையில் இருப்பதால் இருமக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அக்கா கதவு. "நான் கதவா நின்னா, எல்லாரும் தட்டிட்டுத்தான் உள்ள வரணும், பாத்துக்கிடுங்க" என்று அவர்கள் சொன்னதும், மாமணி அவர்கள் காற்றில் தட்டிவிட்டு உள்ளே நுழைந்ததும் நினைவிருக்கிறதா? மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராக ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்து, தூணைச் சுற்றித் திரும்பி, இயந்திரத்தின்மேல் வைப்பதுபோல் நடந்து பார்ப்பார்கள். முட்டி இடித்தால் கோட்டை அழித்து மாற்றுவோம். பதினொரு முறை மாற்றினோம்.

மழைக்காலத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதால், பழைய வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறையைத் தலைவர் தேடிக் கண்டுபிடித்தார். மின்பலகையை அந்தக் கறைக்கு ஒரு முழம் மேலே பொருத்தியவர் துரைராஜ் அண்ணன். தலைவர் சொன்னது அரை முழம்தான். ஏன் கூட்டினீர்கள் என்று கேட்டதற்கு அண்ணன் சொன்னது குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "நாங்க ஆத்தோரத்துல பொறந்தவங்க. தண்ணி சொல்லிக்கினா வரும்?"

இவ்வளவு கவனமானவர்மீதுதான் நாம் பழி போட்டோம்.

இயந்திரம் வந்த அன்று நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். அண்ணன் தரையைத் துளைத்து, போல்ட் இறக்கி, கெட்டிக் கலவை ஊற்றி முடித்திருந்தார். இயந்திரம் வந்தது. பூட்டினோம். தேங்காய் உடைத்தோம். முதல் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தால், தூணுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அது திரும்பவே இல்லை. ஓர் அடி இடம் குறைந்தது. ஏழு மாதம் கோலம் போட்டு ஓர் அடி குறைந்தது! ஆளுக்கொரு குரல் எழுந்தது. அக்கா, மன்னிக்க வேண்டும், நீங்கள் அண்ணனைப் பார்த்து, "ஓட்டை போட்டது நீங்கதானே" என்றீர்கள்.

அண்ணன் கத்தவில்லை. "கோட்டு மேலதான் போட்டேன் அக்கா. கோடு எங்க கீதோ அங்க" என்றார். துளைக்கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். போய்விட்டார். அதன்பின் இன்றுதான் இந்த வாசலுக்குள் வருகிறார்.

அவர் சொன்னது உண்மை. அவர் கோட்டின்மேல்தான் துளையிட்டார். தவறு கோட்டில் இருந்தது. அந்தக் கோட்டைப் போட்டது நான்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டேன். இயந்திரம் நிற்க வேண்டிய கிழக்குக் கோட்டைக் காணவில்லை. எறும்புகள் வரிசையாக அதைச் சுமந்துகொண்டு சுவரேறிக்கொண்டிருந்தன. யாரையும் கேட்காமல், நானே நாடாவைப் பிடித்து அளந்து மறுபடி போட்டேன். தூணின் உள்பக்கத்திலிருந்து அளக்க வேண்டியதை வெளிப்பக்கத்திலிருந்து அளந்தேன். தூணின் கனம் ஓர் அடி. அழகாகத்தான் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று அக்காகூடச் சொன்னார்கள். பதினொரு முறை மாற்றியாயிற்று என்று அன்று யாரும் பலகையோடு மறுபடி நடந்து பார்க்கவில்லை.

அண்ணன்மீது பழி விழுந்தபோது நான் பேசினேனா? இல்லை. குறிப்பேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று பார்த்தால், தேதியை மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

அதற்கடுத்த புதன்கிழமை மாலை தலைவரை இங்கே அழைத்து வந்து சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். நிற்க முடியாமல் ஒரு சேலைக் கட்டின்மேல் உட்கார்ந்து சிரித்தார். "எறும்ப இன்னா பண்ண முடியும், சங்கத்துல சேத்துக்கலாம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சனிக்கெழம நீயே எழுந்து சொல்லு. நான் சொன்னா அது சமாதானம். நீ சொன்னாதான் துரைராஜுக்கு நாயம்."

சரி என்றேன். வெள்ளி விடியலில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை கூட்டம் நடக்கவில்லை. ஆகவே அவருக்குக் கொடுத்த வாக்கை மூன்று வாரம் தாமதமாக இன்று நிறைவேற்றுகிறேன். துரைராஜ் அண்ணா, தப்பு என்னுடையது. பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை, சிரித்து முடித்து எழுந்தபோது, தலைவர் தான் உட்கார்ந்திருந்த கட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சேலைக் கட்டுகள் மறைத்திருந்ததால், ஏழு மாதமும் நம் கண்ணில் படாத ஒரு ஜன்னல் அங்கே இருந்தது. நாலேகால் அடி அகலம். வெளியே சந்து. அதன் அடிக்கட்டையும் இயந்திரத்தின் மேசையும் ஒரே உயரம். சரியான இடத்தில் வைத்திருந்தால் இயந்திரம் அந்த ஜன்னலுக்கு நேராக வந்திருக்காது. ஓர் அடி தள்ளி வைத்ததால் நேராக நிற்கிறது! கம்பியை எடுத்துவிட்டு இரண்டு உருளைகள் வைத்தால், பலகை ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி சந்தில் வந்து நிற்கும். பலகை வண்டியிலிருந்து வழுக்கி நேரே மேசைக்கு வந்துவிடும். தூக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். அவர் என் தலையில் தட்டிவிட்டுச் சொன்ன கடைசி வார்த்தை, "பாரேன்" என்பது.

உட்கார இடம் போதாது என்று சொல்லி, இன்று காலை கட்டுகளையெல்லாம் நகர்த்தச் சொன்னது நான்தான், அக்கா. அதற்கும் மன்னிப்பு. எல்லோரும் இப்போது வலப்பக்கம் திரும்பிப் பார்க்கலாம்.

மாமணியின் பெயரால் நாம் என்ன உறுதி எடுக்கப்போகிறோம்? சிலையா வைக்கப்போகிறோம்? வேண்டாம். அவர் தொடங்கிய பட்டறையை ஓடவைப்போம். கேட்காமல் ஒருவர்மீது பழி போடமாட்டோம். தரையில் கோடு போட்டு, முட்டி இடித்துப் பார்த்தபிறகே எதையும் முடிவு செய்வோம். இயந்திரத்தின் முதல் வேலை என் புத்தக அலமாரி என்பது நம் குறிப்பேட்டில் ஏற்கெனவே உள்ள நான்காம் தீர்மானம். அதை இரண்டாவதாக்க நானே முன்மொழிகிறேன். முதல் வேலை, அந்த ஜன்னலுக்கு ஒரு கதவு.

கம்பியை அறுக்குமுன் உருளைகளுக்குத் தரையில் கோடு வேண்டும். இந்தமுறை கோலப்பொடி வாங்கி வந்திருக்கிறேன். நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். துரைராஜ் அண்ணா, எழுந்து போக வசதியாகத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்திருங்கள். வாசல் பக்கம் வேண்டாம். ஜன்னல் பக்கம் வாருங்கள்.