முதல் வெட்டு

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி. முந்தைய இரவு தூறியிருந்தது. திருத்தங்கலில் வெயில் இன்னும் ஏறவில்லை. ஈரக் காற்றில் தாள் நெளியும் என்பதால் அச்சகத்து ஆட்கள் விடிந்ததும் வானத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நானும் பார்த்தேன். அப்போது எனக்கு அங்கே வேலை கிடையாது. பழக்கம் மட்டும் வந்திருந்தது.

ஐயா, தொழிற்சாலை ஆய்வாளர் என்ற முறையில் நீங்கள் எழுதியிருக்கும் வரைவைப் படித்தேன். பயிற்சி இல்லாத பெண் ஒருத்தி அன்று கைதவறிப் பொத்தானை அழுத்தியதால் விபத்து நேர்ந்தது என்று அதில் இருக்கிறது. அதன் கீழே நான் கையெழுத்திட வேண்டும் என்கிறீர்கள். இட்டுவிட்டால் எனக்குத் தொல்லை இல்லை என்று முதலாளியும் சொன்னார். என்னால் இட முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு திருத்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிரீத்திகா. சென்னையில் கவின்கலைக் கல்லூரியில் வடிவமைப்புப் படித்துத் தங்கப் பதக்கம் பெற்றவள். அம்மா பஞ்சம்மாள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிறாள். தன்னோடு பேருந்தில் வருகிறவர்களிடம், "எம்மக படம் வரையிற ஆபீசரு" என்று சொல்லி வைத்திருந்தாள். படிப்பு முடிந்து ஓராண்டு ஆகியும் அது உண்மையாகவில்லை. அதை உண்மையாக்குவது என் கடமை என்று கருதினேன்.

சென்னையில் நேர்காணலுக்குப் போன இடங்களில் முன் அனுபவம் கேட்டார்கள். ஊருக்குத் திரும்பி, சிவகாசியிலும் திருத்தங்கலிலும் அச்சகம் அச்சகமாக ஏறினேன். ஒரு முதலாளி நான் வரைந்த சேவலை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பட்டாசுப் பெட்டிக்கு ஆவாது. வீட்ல துக்கம் நடந்த சேவல் மாதிரி இருக்கே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் அச்சகத்தில் மட்டும் என்னை உட்காரச் சொன்னார்கள். சொன்னவர் அங்கிருந்த ஒரே வடிவமைப்பாளரான விக்னேஷ்வரன். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். இடம் போதாவிட்டால் எழுத்தை நசுக்குவார், மிஞ்சினால் இழுப்பார். கண்ணில் பட்ட நிறத்தையெல்லாம் ஒரே பெட்டியில் கொட்டுவார். பட்டாசுக் கம்பெனிகள் அவர் போட்ட பெட்டிகளைத்தான் கேட்டு வாங்கின. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை பழக்கினார்; தன் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்காக அவர் பரிந்து பேசியபோது முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேரு எதுக்குத் தாயி? விக்னேசு இருக்கையில எனக்கு இன்னொரு ஆளு வேணாம். சும்மா வந்து பழகிக்க, வேணாங்கல."

அவர் சொன்னது நியாயம். நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

தீபாவளிச் சீசனுக்கு ஒரு புதிய சேவல் வரைந்தேன். கம்பெனிக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கினார். விக்னேஷ்வரன் அண்ணன் அதன் கொண்டையைக் கொழுந்துவிட்டு எரியும் சிவப்பாக்கி, எழுத்தை இருபுறமும் இழுத்துவிட்டுக் காட்டினார். உடனே கையெழுத்து விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பிழையைப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவேன். அந்தப் பிழைகள் எல்லாம் ஒரு வலது கையிலிருந்து வந்தன.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய லேபிள் அச்சாகி வந்ததும் கட்டிங் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். படம் போட்டவரே முதல் கட்டுத் தாளைத் தன் கையால் தட்டி அடுக்கி உள்ளே வைக்க வேண்டும். கட்டிங்காரர் பாண்டிராஜ் பொத்தானைத் தட்டுவார். மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். தட்டுகிறவரின் கை பிளேடுக்கு அடியில் போகாமலிருக்க அந்த ஏற்பாடு. சீசன் அவசரத்தில், ஒன்றில் மடித்த அட்டையைச் செருகி, அது அழுந்தியபடியே இருக்கச் செய்துவிடுவார்கள். பாண்டிராஜ் செருகியது உண்மை. அதற்குமேல் அவர் எதுவும் செய்யவில்லை. அன்று அவர் தாள் லோடு இறக்க வாசலுக்குப் போயிருந்தார்.

பயிற்சி இல்லாத பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். முந்தைய வாரம், பாண்டிராஜ் சாப்பிடப் போன வேளைகளில், கழிவுத் தாளை வைத்து நான் அழுத்திப் பார்த்தேன். பொத்தான் அழுந்துவதற்கும் பிளேடு இறங்குவதற்கும் இடையே ஒருவர் கையை இழுத்துக்கொள்ள முடியுமா என்பதே நான் அறிய விரும்பியது. முடியாது.

அன்று காலை அண்ணன் முதல் தாள்கட்டை என்னிடம் நீட்டினார். "இந்தா பாப்பா, நீயே வையி. சேவலு உன்னுதுதான?" என்றார்.

"நீங்க வைங்கண்ணே. நான் தட்டுறேன்" என்றேன்.

"தட்டுன்னு நாஞ் சொன்னப்புறம் தட்டு, என்ன" என்று சொல்லிவிட்டுத் தாள்கட்டை உள்ளே வைத்தார். ஈரத்தில் விளிம்பு நெளிந்திருந்தது. வலது கையை உள்ளே விட்டு நீவினார். முதலில் விரல்கள் மட்டும் வெட்டுக்கோட்டுக்கு அப்பால் இருந்தன. விரல் போனவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். காத்திருந்தேன். அவர் இன்னும் சற்று எட்டினார். மணிக்கட்டு கோட்டின்மேல் வந்தது. அவர் தட்டச் சொல்லவில்லை. நான் அழுத்தினேன்.

முதலில் தாளைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பலகை இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டது. பிறகு பிளேடு இறங்கியது. எலும்பின் ஓசை நான் எண்ணியிருந்ததைவிடச் சிறியது. அவர் கத்தவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். "பாப்பா, லேபிள்ல ரத்தம் படுது. எடு" என்றார். அதன் பிறகுதான் கீழே விழுந்தார்.

துப்பட்டாவால் அவர் கையை இறுக்கிக் கட்டினேன். அவர் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கட்டே காரணம் என்று மருத்துவர் சொன்னார், அதையும் குறிப்பிடுங்கள். ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய பின் மெஷினுக்குத் திரும்பினேன். வெட்டு நேராக இருந்தது. கறைபட்ட தாள்களை மட்டும் ஒதுக்கினேன். மற்றவை அன்று மாலை லோடில் போயின. இந்தத் தீபாவளிக்குப் பலர் வீட்டில் அந்தச் சேவல் இருக்கும்.

விருதுநகர் மருத்துவமனையில் அவருக்கு நினைவு திரும்பியதும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"நான் தட்டச் சொன்னேனா பாப்பா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், பிடிபடல."

"சொன்னீங்கண்ணே" என்றேன்.

"அப்ப உம்மேல தப்பில்ல. எவன் கேட்டாலும் நாந்தான் சொன்னேன்னு சொல்லிருதேன். நீ அழாத" என்றார். நான் அழுதுகொண்டிருக்கவில்லை. உங்களிடமும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்த வாக்குமூலத்தை நீக்கிவிடலாம்.

அந்த நாற்காலிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி அவரிடமே விட்டார். வேறு இரண்டு பேர் வந்து கேட்டார்களாம். அவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். இன்று காலை, உங்களைப் பார்க்க நான் கிளம்பும்போது, நியமன ஆணையைக் கொண்டுவந்தார். முதலாளி சொல்லிக் கையெழுத்தும் அவரே போட்டிருந்தார், இடக்கையால். எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடைவெளி சீராக இல்லை.

"எதையும் மனசுல வச்சுக்காத. கொண்டைய மட்டும் செவப்பாவே வையி, என்ன" என்று சொல்லிச் சிரித்தார்.

இதுதான் அந்த ஆணை. மடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கை தவறவில்லை, ஐயா. அவருடைய கையை நான் தெரிந்தே எடுத்தேன். அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். வேலை வேறு விஷயம். அது என் தகுதிக்காகக் கிடைத்தது. அதைத் தனி வரியில் எழுதுங்கள்.