விடுதலைக்கு ஒரு நல்ல நாள்

– ஆகவே, பணவீக்கம் குறைந்துவிட்டது என்று அரசாங்கம் சொல்கிறது. இல்லை என்று மக்கள் சொல்கிறார்கள். கற்பிட்டிச் சந்தையில் மீன் விற்கும் ஒருவர் யாரை நம்புவது, சாள்ஸ் அவர்களே? நீங்கள் நீண்ட காலம் பொருளியல் கற்பித்தவர்.

– இருவரையும் நம்பலாம், சுஜாந்தி. விலை ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. விலை குறையவில்லை. ஏணியில் ஓடி ஏறியவன் இப்போது நடந்து ஏறுகிறான். இறங்கவில்லை.

– நூஹு அவர்களே, நீங்கள் வெளிநாட்டமைச்சில் உயர் பதவி வகித்தவர். நமக்குக் கடன் தந்த நாடுகள் இந்தத் தேர்தலை எப்படிப் பார்க்கின்றன?

– மிகுந்த நம்பிக்கையோடு பார்க்கின்றன. யார் வென்றாலும் ஒப்பந்தங்கள் மதிக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். இது நமது ஜனநாயகத்தின் முதிர்ச்சி.

– நேயர்களே, நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது கடலோரக் குரல் வானொலியின் ‘தேர்தல் மேசை’. ஒரு சிறிய இடைவேளை... றொகான், பாட்டப் போடுங்க. மூண்டு மைக்கையும் பூட்டியாச்சா? சரி. சேர்மார், இனி ஆறுதலாக் கதைக்கலாம். தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

– தூ! என்ட வாயக் கழுவோணும் போல ஈக்கிது. ஜனநாயகத்தின் முதிர்ச்சி! கேட்டியா சாள்ஸ்?

– நீ மட்டுமா ஐசே? அந்த ஏணிக் கதைய நான் எத்தின தேர்தல்ல சொல்லிட்டன். ஏ.எல். பிள்ளையளுக்கும் அதுதான், ரேடியோவுக்கும் அதுதான். எனக்கே எப்பா ஆயிட்டு, அலுத்துப் போச்சு. கேக்கிற சனம் என்னெண்டு தாங்குதோ.

– கடன் குடுத்தவன் ஏன் நம்பிக்கையாப் பாக்கிறான்? எவன் வந்தாலும் அவன்ட வாசல்லதான் போய்க் கையக் கட்டிட்டு நிக்கோணும், வெளங்குதா? அத நம்பிக்கை எண்டு சொல்லி நான் பேர் வெச்சிட்டன். அமைச்சில இருந்த காலமெல்லாம் எனக்கு அதுதான் வேல. நாறுற சாமானுக்கு நல்ல பேர் வெக்கிறது.

– அத மைக்குல சொல்லியிருக்கலாமே, நூஹு சேர்.

– சொன்னா அடுத்த மொற கூப்புடுவீங்களா புள்ள? உங்கட மனேஜர் வாசல்ல வெச்சே சொல்லிட்டாரு. நிதானமா பேசுங்க, கட்சிப் பேரு வாணாம், ஆள் பேரு வாணாம் எண்டு.

– அது தேர்தல் முடியுமட்டும் எல்லாருக்கும் உள்ள சட்டம் சேர். எனக்கும்தான்.

– பேர் சொல்லாட்டி என்ன, ஊருக்குத் தெரியாதா? எங்கட வேட்பாளர் போன தேர்தல்ல அந்த மேடை, இந்தத் தேர்தல்ல இந்த மேடை. ஞாயித்துக்கிழமை எங்கட கோயில்ல வந்து முழங்கால்ல நிண்டான் ஐசே. நன்மை அப்பம் குடுக்கிற நேரம் ஃபாதருக்கு முன்னால வாயத் திறந்துக்கொண்டு நிக்கிறான், ஞானஸ்நானம் எடுக்காத மனுசன்!

– எங்கட பள்ளியிலயும் வந்தீக்கிறான். என்ட மச்சான் சொன்னாரு. தொழுகையில கைய எங்க கட்டுறது எண்டு பக்கத்து ஆளப் பாத்துப் பாத்துக் கட்டினானாம். மச்சான் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல்ல.

– சனமும் அப்பிடித்தான். கூரைத்தகரம் குடுத்தா அவனுக்கு வோட்டு, வலை குடுத்தா இவனுக்கு.

– ஒழுகிற வீட்டுல இருக்கிற ஆள் தகரத்த வேணாம் எண்டா சொல்லும், சாள்ஸ் சேர்?

– இல்லத்தான் மகள். அனே, நான் சனத்த ஏசல்ல. ஒழுகிற வீட்ட ஒழுக விட்டு வெச்சிருக்கிறவன ஏசுறன்.

– காலைல பாலாவிச் சந்தியால திரும்பினதுல ஈந்து இங்க வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் போஸ்டர்ல மொகம். ஒரே பல்லு, ஒரே கும்பிடு. ஒரு மொகத்துக்கு மேல காக்கா எச்சம் போட்டீந்திச்சி. இந்த மாவட்டத்துல உருப்படியா விமர்சனம் செஞ்சது அது ஒண்டுதான்.

– சேர், கதை காணும். பாட்டு முடியுது. நிமிந்து இருங்க... மீண்டும் தேர்தல் மேசை. சாள்ஸ் அவர்களும் நூஹு அவர்களும் நம்மோடு இருக்கிறார்கள். ஓர் அழைப்புக் காத்திருக்கிறது. வணக்கம், எங்கிருந்து பேசுகிறீர்கள்?

– எத்தாளையில ஈந்து சபூரா பேசுறன். மகள் சுஜா, நீ கேக்க மாட்டா. அதான் நான் கேக்கிறன்.

– கேளுங்கள், அம்மா.

– அந்தத் தீவு நாட்டுக்காரன் புடிச்சி வெச்சீக்கிற, மீனுக்குப் போன நம்மட அஞ்சு பேரு. என்ட மகன் ஸப்வானும் அதுல ஒருத்தன். நடுக்கடல்ல இஞ்சின் நிண்டு, நீரோட்டம் இழுத்துட்டுப் போய் எல்லை தாண்டினவங்க. களவெடுக்கப் போகல்ல. கொழும்புல ஈந்து வந்தீக்கிற அந்தப் பெரிய மனுசன்ட கேளு, எப்ப விடுவாங்க எண்டு. ஏணியும் வாணாம், கடனும் வாணாம் எனக்கு.

– நூஹு அவர்களே?

– அந்தத் தாயின் வேதனை நம் எல்லோருடைய வேதனை. உயர்மட்டத்தில் முயற்சிகள் நடந்து வருகின்றன. ஆனால் எல்லை மீறல் என்பது இரண்டு நாடுகளின் உறவோடு சம்பந்தப்பட்ட நுட்பமான விடயம். சட்ட நடவடிக்கைகளுக்குக் காலம் எடுக்கும். பொறுமை காக்க வேண்டும்.

– எவ்வளவு காலத்துக்கு வாப்பா பொறும? பெருநாளும் போச்சி. அவன்ட புள்ள நடக்கத் தொடங்கீட்டு. பொறும, பொறும எண்டு சொல்றவங்களெல்லாம் ஊட்டுலதானே ஈக்கிறீங்க.

– அம்மா? சபூரா அம்மா? ...அழைப்பு நின்றுவிட்டது. நேயர்களே, இன்னொரு இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம்... றொகான், நீங்களா வெட்டினது? அவவே வெச்சிட்டாவா. சரி. பெரிய பாட்டா ஒண்டு போடுங்க.

– யா அல்லாஹ்.

– நூஹு சேர், சபூரா ராத்தாவுக்கு நீங்க சொன்னது உண்மையா? முயற்சி நடக்குது எண்டது?

– நடக்குது புள்ள. ஆனா கொண்டு வாறதுக்கு இல்ல. கொண்டு வராம வெச்சீக்கிறதுக்கு.

– ஐசே நூஹு, தேத்தண்ணியக் குடி. வேற கதை கதைப்பம்.

– வேற கதை என்னத்துக்கு? ரெண்டு நாளா நெஞ்சுல கெடக்குது, யாருக்கிட்டயாச்சும் துப்பாட்டி எனக்குச் சோறு எறங்காது. அந்த நாட்டுக் கோட்டு அவங்கள எப்பவோ விட்டுட்டு. இஞ்சின் பழுது, குத்தமில்ல எண்டு நீதவானே சொல்லிட்டாரு. எங்கட தூதரகத்துல ஒரு கையெழுத்து, அஞ்சு டிக்கட். மிச்சம் அவ்வளவுதான்.

– விட்டுட்டாங்களா? அப்ப ஏன் சேர் இன்னும் வரல்ல?

– சுஜா, நீ வெளிய போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா மகள். றொகானுக்கு நான் சொல்றன்.

– இல்ல சாள்ஸ் சேர், நான் இருக்கிறன். அவர் சொல்லட்டும்.

– இங்க அமைச்சில ஈந்து ஒரு கோல் போயீக்கிது. கொஞ்சம் பிந்தி அனுப்புங்க எண்டு. தேர்தலுக்கு முந்தின வியாழக்கெழமதான் நல்ல நாளாம். வாற வியாழன் இல்ல, அதுக்கடுத்த வியாழன், வெளங்குதா? கட்டுநாயக்காவுல பிளேன் எறங்கும். அமைச்சர் மாலையோட நிப்பாரு. கெமராக்காரன் எல்லாம் நிப்பான். ‘மீட்டுக் கொண்டு வந்தார்’ எண்டு போஸ்டர் இப்பவே அச்சுல. அதுக்குப் பொறகு கற்பிட்டிக்கு ஊர்வலம், பட்டாசு.

– ஆர் சேர் சொன்னது?

– அந்தத் தூதரகத்துல எனக்குக் கீழ வேல செஞ்ச ஆள். நல்ல மனுசன். போன்ல அழுதான்.

– அஞ்சு பேரும் சுகமாத்தானே இருக்கிறாங்க?

– சுகம், சுகம். சிறையில என்ன, மூண்டு நேரமும் சாப்பாடு குடுப்பாங்க. நூஹு, அப்பிடித்தானே?

– நீ என்ன சாள்ஸ், கூட இருந்து பாத்த மாதிரி சொல்றா? நாலு பேரு நல்லம். ஒருத்தருக்குச் சீனி வருத்தம். கால்ல புண்ணு வந்து ஆறல்ல. ஊருக்கு அனுப்பினா ஒழுங்கா வைத்தியம் பாக்கலாம், இங்க வெச்சீந்தா காலக் கழட்டத்தான் வேணும் எண்டு அங்கத்தைய டொக்டர் சொல்லிட்டாரு. அத இங்க அறிவிச்சாங்க. இங்கீந்து என்ன பதில் போனது தெரியுமா?

– என்ன பதில்?

– வியாழக்கெழம வரைக்கும் தாங்குமா எண்டு டொக்டர்ட கேளுங்க.

– அப்பிடியே கேட்டாங்களா?

– அப்பிடியே. பக்கத்துல இன்னொருத்தன் சொன்னானாம், சக்கர நாக்காலியில எறக்கினா படம் இன்னும் நல்லா வரும் எண்டு. அதுக்குத்தான் அந்த மனுசன் அழுதான்.

– நூஹு! நிப்பாட்டு எண்டு சொல்றன்! சுஜாட மொகத்தப் பாரு!

– என்னத்தப் பாக்க? புள்ளைக்கும் அருவருப்பாத்தான் ஈக்கும். படிச்ச புள்ள, நாட்டு நடப்பு தெரிய வாணாமா?

– அவருக்கு ஊசி மருந்து குடுக்கிறாங்களா, நூஹு சேர்?

– எது?

– சீனி வருத்தத்துக்கு. நாளுக்கு ரெண்டு தரம் போடோணும்.

– அது எனக்குத் தெரியாது புள்ள.

– பேர் சொன்னாங்களா அந்த ஆள்ட?

– சொன்னான். மனுவேல். ஓம், மனுவேல். பாவம், அவங்களுக்கே தெரியாதாம் விடுதல ஆகீட்டு எண்டு. தெரிஞ்சா எப்பிடியும் ஊட்டுக்குச் சொல்லி அனுப்புவாங்க எண்டு மறைச்சி வெச்சீக்கிறாங்க. இன்னமும் குத்தவாளி எண்டு நெனச்சிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் எழும்புறாங்க.

– இத மைக்குல சொல்லுவீங்களா?

– நானா? என்ட மகள்ட மாப்புள அதே அமைச்சில வேல. நான் வாயத் தொறந்தா நாளைக்கே அவன எங்கயாச்சும் தூக்கிப் போடுவாங்க.

– அமைச்சர வேணாம். தூதரகத்தையும் வேணாம். கோட்டு விட்டுட்டுது எண்ட ஒரு சொல்லு மட்டும்.

– நான் சொன்னா அவங்க மறுப்பாங்க. ‘அப்படியொரு தகவல் இல்லை’ எண்டு அறிக்க விடுவாங்க. கோவத்துல அந்த வியாழக்கெழமையையும் தள்ளினாலும் தள்ளுவாங்க.

– தள்ளுவாங்களா?

– தள்ளக்கூடியவங்க. இல்லாட்டி, ஊருக்கே தெரிஞ்சிட்டு எண்டு பயந்து நாளைக்கே ஏத்தி அனுப்பவும் கூடும். எது நடக்கும் எண்டு கேட்டா... எனக்குத் தெரியாது புள்ள. அவ்வளவு காலம் அதுக்குள்ளயே கெடந்தும் எனக்குத் தெரியாது.

– தெரியாதுதானே. பொறகு அந்த மனிசிட காதுல ‘நுட்பமான விடயம்’ எண்டியே ஐசே! மகன் விடுதலையான தாய்க்குப் பொறுமை படிப்பிச்சியே!

– நீ மட்டும் என்ன? சனத்த ஏணியில ஏத்தி விட்டுட்டுத்தானே இருந்தா?

– ஏணியால ஒருத்தன்ட காலும் போகல்ல, நூஹு.

– ...அது சரிதான்.

– சுஜா, இஞ்ச பார் மகள். நாளைக்கு ஃபாதரக் கூட்டிக்கொண்டு பிஷப்பிட்ட போவம். நானும் வாறன். பெரிய இடத்தால சொன்னா வேலை நடக்கும். இப்ப நீ வீட்ட போ. மிச்ச நிகழ்ச்சிய நான் கொண்டு போறன்.

– பெரிய இடத்துக்குத் தெரிஞ்சுதான் சேர் இவ்வளவும் நடக்குது.

– மனேஜர் உன்ன வேலையால நிப்பாட்டிப் போடுவார்.

– நிப்பாட்டட்டும்... ஓம் றொகான், கேக்குது. சரி, எண்ணுங்க. மூண்டு மைக்கையும் ஒரேயடியாத் திறவுங்க. மனேஜர் கோல் எடுத்தா, நிகழ்ச்சி முடிய நான் கதைக்கிறன் எண்டு சொல்லுங்க. நான் கை காட்டுமட்டும் பாட்டுப் போட வேணாம்.

– என்ன புள்ள செய்யப் போறீங்க?

– கேள்வி கேக்கப் போறன் சேர். அதுக்குத்தானே என்ன இந்தக் கதிரையில இருத்தியிருக்கு.

– புள்ள, வாணாம். என்ட மகள்ட குடும்பத்த யோசிங்க.

– யோசிச்சன் சேர். மெய்யா யோசிச்சன்... மீண்டும் வணக்கம், நேயர்களே. எத்தாளையிலிருந்து பேசிய சபூரா அம்மா, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், வானொலிக்குப் பக்கத்தில் வாருங்கள். உங்களுக்கு இந்த மேசையில் கிடைத்த பதில் பொய். உங்கள் மகன் ஸப்வான் குற்றவாளி அல்ல. ஐந்து பேரையும் அந்த நாட்டு நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. ஒரு மாலை மரியாதைக்கு நாள் பார்த்து, அவர்களை இன்னும் அங்கே வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய காலில் ஆறாத புண். அந்தக் கால் போனாலும் பரவாயில்லை, படம் நன்றாக வந்தால் சரி என்று இருக்கிறார்கள். இதை அறிந்த நூஹு அவர்கள் என் எதிரில் இருக்கிறார்.

– சுஜாந்தி, அது... அது இன்னும் உறுதிப்படுத்தப்படாத ஒரு...

– உறுதிப்படுத்துங்கள், நூஹு அவர்களே. யாருடைய பெயரும் வேண்டாம். விடுதலை ஆனது உண்மையா, இல்லையா?

– ஒலிபரப்பில் இப்படிக் கேட்பது முறையா? இதில் உங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்?

– மனுவேல் என்ட புருசன், சேர்.